பழைய ஷெவெல் மக்கர் செய்கிறதா? 'எப்போது' என்று முதலில் பாருங்கள்

என்னிடம் இருப்பது 1970 மாடல் செவ்ரோலே ஷெவெல் மலிபு. இரண்டு கதவு, 350 கன அங்குல வி8 எஞ்சின், ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்பரேட்டர், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மிச்சிகனில் வீட்டோடு சேர்ந்த கராஜில்தான் எல்லா வேலையும் செய்கிறேன். என்னிடம் வருவதற்கு முன் இந்த வண்டி பல கை மாறியது. ஒவ்வொரு கையும் எதையாவது கழற்றி, எதையாவது மாட்டி, ஒயரை வெட்டி டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தது. மஸில் கார் (பெரிய எஞ்சின் பொருத்திய பழைய அமெரிக்க வேகக் கார்) வாங்குகிற பெரும்பாலோருக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட வண்டிதான். அதனால் கம்பெனி மேனுவலில் உள்ளபடியே எல்லாம் இருக்கும் என்று நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

கீழே சொல்லும் அளவுகள் செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினுக்கானவை. அதே எஞ்சின் உள்ள நோவா, கமாரோ வண்டிகளுக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். ஃபோர்டு, டாட்ஜ் வைத்திருப்பவர்கள் தேடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகளை உங்கள் மேனுவலில் பாருங்கள்.

நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: பழுது வந்ததும் "என்ன போச்சு?" என்று கேட்டால் பாகம் விற்கும் கடைக்குத்தான் போவோம். "எப்போது வருகிறது?" என்று கேட்டால் பழுது பாதி தெரிந்துவிடும். காலை முதல் ஸ்டார்ட்டிலா, வண்டி சூடாகி நிறுத்தி எடுக்கும்போதா, சிக்னலில் நிற்கும்போதா, 60 மைல் வேகத்திலா, கடைசியாக எதில் கை வைத்த பிறகு வந்தது, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிப் பழுது போய்விட்டால் எதனால் போனது என்றே தெரியாது, அடுத்த முறை வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டைமிங் லைட் (ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் விளக்கு), ஒரு வேக்குவம் கேஜ் (எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் மீட்டர்) இருக்கட்டும். பெட்ரோல் தீக்கும் எலெக்ட்ரிக் தீக்கும் ஏற்ற தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் போங்கள்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

இதில் கார்பரேட்டரைத் தொடாதீர்கள். ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது காயில், அதை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் காயிலுக்குக் கரண்ட் இரண்டு வழியாக வருகிறது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் சோலினாய்டின் (செல்ஃப் மோட்டாரின் மேல் உள்ள மின்சுவிட்ச்) ஆர் என்ற முனையிலிருந்து பேட்டரியின் முழு வோல்ட் வரும். சாவி ரன் நிலைக்குத் திரும்பியதும் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர் வழியாகக் குறைந்த வோல்ட் வரும், பாயிண்ட் கருகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது ஓடி, விட்டதும் நின்றால் இரண்டாவது வழி அறுந்திருக்கிறது என்று பொருள்: ரெசிஸ்டன்ஸ் ஒயர், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) உள்ள கனெக்டர், அல்லது சாவி சுவிட்ச். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு ஒரு தற்காலிக ஒயர் கொடுத்துப் பாருங்கள், ஓடினால் சந்தேகம் உறுதி. அந்த ஒயரை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள், பாயிண்ட் கருகிவிடும்.

நேர் எதிரான அறிகுறியும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல், சாவியை விடும் அந்த நொடியில் 'டப்' என்று பிடிக்கும். அப்படியானால் சோலினாய்டிலிருந்து வரும் ஒயர் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றிய யாரோ ஒருவர் அந்தச் சின்ன ஒயரை மாட்டாமல் விட்டிருப்பார்.

மூன்றாவதாக ஒன்று, மாற்றம் செய்த வண்டிகளில் அடிக்கடி பார்ப்பது: பாயிண்டைத் தூக்கிவிட்டு செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் எச்இஐ என்ற எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருப்பார்கள், ஆனால் கரண்டைப் பழைய ரெசிஸ்டன்ஸ் ஒயரிலிருந்தே எடுத்திருப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது, மேல் ஆர்பிஎம்மில் மிஸ் அடிக்கும். எச்இஐக்கு முழு 12 வோல்ட் வேண்டும். ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் முனையிலிருந்து தடிமனான புது ஒயர் ஒன்று இழுத்துக் கொடுங்கள். கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறியாமல், எண்ணெய் தடவி, சீட்டு எழுதி ஒட்டி, பெட்டியில் வையுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்பும் வழி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை, கார்பரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கிறது

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு இது வந்தால், பெரும்பாலும் அது அரைச் சுற்றுத் தவறி உட்கார்ந்திருக்கிறது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கை ஸ்பேனரால் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரெஷன். அந்தச் சுற்றில் டைமிங் குறி பூஜ்ஜியத்துக்கு வரும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டரின் ஒயரைப் பார்க்க வேண்டும்.

ஒயர் வரிசை 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரம் சுற்றும் பக்கமே சுற்றும். ஒற்றைப்படை சிலிண்டர்கள் டிரைவர் பக்கம், இரட்டைப்படை அடுத்த பக்கம். 5, 7 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, வரிசையிலும் அடுத்தடுத்து வருகின்றன. இந்த இரண்டு ஒயரையும் ஒட்டி நெடுகக் கொண்டுபோனால் ஒன்றின் மின்சாரம் மற்றதைத் தூண்டி 7 முன்கூட்டியே வெடிக்கும். இடைவெளி விட்டு, அல்லது குறுக்கே கடக்கும்படி வையுங்கள்.

குளிர்ந்திருந்தால் ஒரே அடியில் ஸ்டார்ட், பெட்ரோல் பங்கில் நிறுத்தி எடுத்தால் மக்கர்

இங்கே ஒரு கேள்வி போதும்: செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது?

முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் விஷயம் செல்ஃப் பக்கம். இந்த எஞ்சினில் செல்ஃப் மோட்டார் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது ஹெடர் பைப் (எக்ஸாஸ்டுக்கான தனித்தனிக் குழாய்கள்) போட்டிருந்தால் சூடு இன்னும் மோசம். ஆனால் மோட்டாரை மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ அதன் முனையோ கரண்டைத் தின்கிறது. அதே சோதனையைப் பேட்டரி மைனஸ்ஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் செய்யுங்கள், அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. என் வண்டியில் எர்த் கேபிள் பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் மேல் முறுக்கப்பட்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று தேய்த்து மறுபடி மாட்டியதும் சூட்டிலும் சுறுசுறுப்பாகச் சுற்றியது. கேபிள் சரியாக இருந்தும் முனகினால் ஹீட் ஷீல்டு, அல்லது சின்ன கியர் ரிடக்ஷன் ஸ்டார்ட்டர். டைமிங் மிக அட்வான்ஸாக, அதாவது ஸ்பார்க் மிக முன்கூட்டியே விழும்படி இருந்தாலும் சூடான எஞ்சின் செல்ஃபை எதிர்த்து உதைக்கும், அதையும் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் போல்ட்டுகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவை தண்டில் வரிவரியாகக் கோடு போட்ட தனி போல்ட்டுகள், மோட்டாரை இடம் பிசகாமல் பிடிப்பது அந்தக் கோடுதான். ஹார்டுவேர் கடை போல்ட் போட்டால் மோட்டார் நகர்ந்து ஃப்ளைவீல் பல்லைக் கடிக்கும். செல்ஃப் அடிக்கும்போதே கீச்சென்று கத்தினால் பல் தூரமாக இருக்கிறது, எஞ்சின் பிடித்த பிறகு கத்தினால் மிக நெருக்கமாக இருக்கிறது, ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்துத் தள்ள வேண்டும்.

சரி, செல்ஃப் வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, அடியிலிருந்து ஏறும் சூட்டில் கார்பரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிகிறது. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது சுலபமாக ஆவியாகும். ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு, பம்ப் பண்ணாமல் செல்ஃப் அடியுங்கள். கிளம்பினால் காரணம் இதுதான். கார்பரேட்டருக்கு அடியில் தடிமனான கேஸ்கெட் போடுவது, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து விலக்குவது, இரண்டும் பலன் தரும். அதே எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் தின்னும். வண்டி வாங்கிய வாரமே டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் துண்டுகள் அத்தனையும் மாற்றுங்கள், இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இதைத் தள்ளிப் போட்டு வண்டி எரிந்து போனவர்கள் உண்டு.

இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் முதல் ஸ்டார்ட்டுக்கு நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது

செல்ஃப் அடிப்பதற்கு முன் ஏர் கிளீனரைக் கழற்றி, சோக் தகட்டை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்துக் கார்பரேட்டருக்குள் பார்த்தபடி த்ராட்டிலை ஒருமுறை இழுங்கள். இரண்டு மெல்லிய பெட்ரோல் தாரை பாய வேண்டும். பாயவில்லை என்றால் கிண்ணம் காலி, அல்லது ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர் போய்விட்டது. கிண்ணம் தானாக ஆவியாகிக் காலியாவதும் உண்டு. ஆனால் குவாட்ராஜெட்டுக்கு என்றே ஒரு வியாதி இருக்கிறது: அடிப்பகுதியில் கிணறு போன்ற துளைகளை அடைத்திருக்கும் சின்ன உலோக மூடிகள் வயதாகிக் கசியும். இரவு முழுக்கப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இறங்கும். கார்பரேட்டரைத் தூக்கி அடிப்பக்கத்தைத் துடைத்து, கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஒரு மணி நேரம் வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தால் எந்த மூடி கசிகிறது என்று கறை காட்டிக் கொடுக்கும். பெட்ரோல் தாங்கும் இரண்டு பகுதி எபாக்ஸியால் அடைக்கலாம், உலோகம் துளி எண்ணெய்ப் பசை இல்லாமல் இருந்தால்தான் ஒட்டும்.

பெட்ரோல் வழிந்து கருப்புப் புகை வந்தால் மிதவையைக் கழற்றி எடை போடுங்கள். இதில் இருப்பது கருப்பு நுரைப் பிளாஸ்டிக் மிதவை, வருடங்கள் போகப் போகப் பெட்ரோலைக் குடித்துக் கனமாகி மூழ்கும். புது மிதவை விலை குறைவு.

ஹைவேயில் சில மைல் ஓடியதும் இழுவை குறைந்து நிற்கிறது, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புகிறது

டேங்குக்குள் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் முனையில் வலைத் துணி ஒன்று இருக்கிறது. துரு அதில் போய் அடைத்துக்கொள்ளும். நின்றதும் உறிஞ்சல் இல்லாததால் துரு உதிர்ந்து கீழே விழும், மறுபடி ஓடும். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் டேங்குக்கும் இரும்புப் பைப்புக்கும் நடுவே உள்ள ரப்பர் துண்டில் வெடிப்பு இருக்கும், அங்கே பெட்ரோல் வெளியே சொட்டாது, பம்ப் காற்றை இழுக்கும். பெட்ரோல் சரியாக வந்தும் நிற்கிறது என்றால் நின்ற உடனே ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் உயிரை விடும் காயில், எச்இஐ மாட்யூல் இரண்டும் இதே நாடகத்தை ஆடும்.

டேங்கை இறக்கினால் அதன் மேல்பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். தொழிற்சாலையில் வண்டி கட்டும்போது பயன்படுத்திய பில்ட் ஷீட் காகிதம் பல ஷெவெல் வண்டிகளில் டேங்குக்கு மேல் ஒட்டிக்கொண்டு கிடைத்திருக்கிறது. 1970 ஷெவெலில் சேசிஸ் எண்ணை மட்டும் வைத்து அது எஸ்எஸ் என்ற உயர்திறன் வகை வண்டியா என்று சொல்ல முடியாது, அதனால் அந்தக் கிழிந்த தாள் பெரிய சான்று. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடாதீர்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தடுமாறுகிறது, பிக்கப் இல்லை

எல்லோரும் கார்பரேட்டர் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஒரு கடையில் கொடுத்து ஒருமுறையும் நானே ஒருமுறையும் ரீபில்டு செய்தேன். பழுது அங்கே இல்லை. இந்த அறிகுறிக்கு முதலில் டைமிங்கைப் பாருங்கள், அதிலும் முதலில் டைமிங் குறி உண்மை சொல்கிறதா என்று பாருங்கள்.

கிராங்கின் முனையில் இருக்கும் பாலன்சர் இரண்டு துண்டு: நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இடையில் ரப்பர். குறி வெளி வளையத்தில் இருக்கிறது. ஐம்பது வருடத்தில் ரப்பர் இறுகிப் பிடிப்பு விட்டு வளையம் நழுவும். டைமிங் லைட்டில் 8 டிகிரி என்று தெரியும், எஞ்சின் உண்மையில் எங்கேயோ இருக்கும். என் வண்டியில் வளையம் 12 டிகிரி நழுவியிருந்தது.

சோதிக்கும் முறை சுலபம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டர் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் என்ற கருவியைத் திருகி, கிராங்கைக் கையால் ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் பாலன்சரில் சாக்பீஸால் கோடு. மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியான நடுப்புள்ளிதான் உண்மையான மேல் முனை. பாலன்சரின் குறி அங்கே இல்லையென்றால் பாலன்சரை மாற்ற வேண்டும், புதுக் குறி போட்டு ஓட்டுவது சரியல்ல, நழுவிய வளையம் இன்னும் நழுவும், கழன்றும் வரலாம்.

குறி சரியானதும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் பார்ப்பதோடு நிற்காமல் 3000 ஆர்பிஎம் பக்கம் கொண்டுபோய் மொத்த அட்வான்ஸைப் பாருங்கள். பழைய இரும்பு ஹெட் உள்ள 350க்கு 34 முதல் 36 டிகிரி நன்றாக வேலை செய்யும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகள் துருவேறி ஒட்டிக்கொண்டால் ஐடிலில் சரியாகக் காட்டி, ரேஸ் பண்ணும்போது ஏறவே ஏறாது. பிக்கப் இல்லாத வண்டிகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏற்றத்தில் மிதிக்கும்போது கோலிகுண்டு உருளும் சத்தம் வந்தால் உடனே இரண்டு டிகிரி குறையுங்கள். 1970இல் இரண்டு பேரல் (காற்று வழி) கார்பரேட்டர் உள்ள 250 குதிரைத் திறன் எஞ்சினுக்கு கம்ப்ரெஷன் விகிதம் 9, நாலு பேரல் 300 குதிரைத் திறன் எஞ்சினுக்கு 10.25. பின்னதற்குப் பங்கில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலே வேண்டும்.

டைமிங் முடிந்த பிறகு வேக்குவம் கேஜ். மாற்றாத எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 இன்ச் வரை முள் ஆடாமல் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் எங்கோ காற்று கசிகிறது: கார்பரேட்டர் அடி கேஸ்கெட், இன்டேக் ஓரம், பிரேக் பூஸ்டர் ஹோஸ். ஒவ்வொரு ஹோஸாகக் கிள்ளிப் பாருங்கள், எஞ்சின் சத்தம் மாறும் இடம் கசியும் இடம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் கார்பரேட்டர். லேசாக மிதிக்கும்போது தடுமாறினால் ஆக்ஸிலரேட்டர் பம்ப். முழுதாக மிதிக்கும்போது மட்டும் மூச்சு அடைத்தால் பின்பக்கப் பெரிய பேரல்களின் மேல் உள்ள காற்றுத் தகடு அவசரமாகத் திறக்கிறது, அதன் ஸ்பிரிங்கைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.

சூடு ஏறுகிறது

நிற்கும்போதா, ஓடும்போதா? இங்கே வேறு கேள்வி தேவையில்லை.

டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது, 1995இல் ஆரம்பித்தது. உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் மைல் கணக்கில் நத்தை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்து ஆவி பறக்க நிற்கும் வண்டிகளையும் பார்க்கலாம். அவற்றில் பலவும் ஹைவேயில் ஒரு குறையும் இல்லாமல் வந்தவைதான். மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் வழியாகக் காற்று போதவில்லை. ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரவுட் கூண்டைப் பலர் எஞ்சினைக் கழற்றும்போது எடுத்துவிட்டு மறுபடி போடுவதில்லை. அதைப் போடுங்கள், ஃபேன் இலை பாதி கூண்டுக்குள் இருக்கும்படி. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் ஃபேனின் கிளட்ச் போய்விட்டது.

வேகமாகப் போகும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம்: உள்ளே அடைபட்ட ரேடியேட்டர், அல்லது உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். பானெட்டைத் திறந்து எஞ்சினை ரேஸ் பண்ணிக் கீழ் ஹோஸைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது காரணத்தை யாரும் தேடுவதில்லை. 1970இல் ஜிஎம் புகையைக் குறைப்பதற்காக, கீழ் கியர்களில் வேக்குவம் அட்வான்ஸை (எஞ்சின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்கூட்டும் ஏற்பாடு) நிறுத்தி வைக்கும் ஒரு அமைப்பைச் சேர்த்தது. எஞ்சின் அதிகம் சூடானால் மட்டும் அட்வான்ஸைத் திருப்பித் தரும் சுவிட்ச் அதில் உண்டு. அந்தச் சுவிட்ச் செத்திருந்தாலோ, யாரோ ஹோஸை மாற்றிச் செருகியிருந்தாலோ, ஐடிலில் டைமிங் பின்தங்கி எரிய வேண்டியது எக்ஸாஸ்டில் எரிந்து சூடாகும். தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவது வைத்தியம் இல்லை, இதைப் பாருங்கள். கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே கழுவுங்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது கொடிய விஷம்.

வெள்ளைப் புகை, ஆனால் தண்ணீர் குறையவில்லை

ஹெட் கேஸ்கெட் என்று எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். அது குறைந்து, தரையிலும் ஒரு சொட்டு இல்லையென்றால், கியர்பாக்ஸின் வலது பக்கம் உள்ள வேக்குவம் மாடுலேட்டரின் (எஞ்சின் உறிஞ்சலை வைத்துக் கியர் மாறுவதைச் சரிசெய்யும் பாகம்) ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்து, எஞ்சின் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு போல்ட், ஒரு கிளாம்ப், அரை மணி நேர வேலை. கியர் தாமதமாக, உதைத்து விழுவதும் இதனால்தான்.

மற்றவை சுருக்கமாக: காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை என்றால் வால்வு சீல், மிதிக்கும்போது நீலம் என்றால் ரிங், இனிப்பு வாடையுடன் வெள்ளை என்றால் அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்.

எஞ்சினின் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது

கிராங்கின் பின்முனையில் உள்ள ரியர் மெயின் சீல் என்று முடிவு கட்டுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே கை விட்டுத் தடவுங்கள். இன்டேக் மேனிஃபோல்டின் பின் விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டர் கேஸ்கெட், அதன் பக்கத்திலேயே இருக்கும் ஆயில் பிரஷர் சென்டர், வால்வு கவரின் பின்மூலை, நான்கும் கசிந்து பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, டால்கம் பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓட்டுங்கள், ஆயில் போன பாதை தெரியும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எல்லாச் சீலிலும் ஆயில் பிதுங்கும், அதை முதலில் மாற்றுங்கள்.

முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாற்றிய பிறகு பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் போகவில்லையா? காலிப்பரின் ஏர் ஸ்குரூ மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டினால் ஸ்குரூ கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும். மாற்றி மாட்டுவது மிகச் சுலபமாக நடக்கும் தவறு.

பிரேக் பிடித்தபடியே இருந்தால் ட்ரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்து ஓட்டுகிறீர்கள். அதில் ட்ரமுக்காகக் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும், டிஸ்க்குக்கு அது ஆகாது. ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடித்தால் அந்தச் சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும், ஆயில் போகும், திரும்பி வராது. ஏர் ஸ்குரூவைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் ஹோஸையே மாற்றுங்கள்.

பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பிறகு பெடல் கல்லாக இறுகினால் எஞ்சினில் வேக்குவம் போதவில்லை, பூஸ்டருக்கு உதவி இல்லை. எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் தனி எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் போடும் வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். இதில் நான் சமரசம் செய்யமாட்டேன். அப்புறம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்யவே கூடாது, வரும் வாயு ஆளைக் கொல்லும்.

புது கேம் போட்டதிலிருந்து டிக் டிக் சத்தம்

இந்த எஞ்சினில் இருப்பது ஃப்ளாட் டாப்பெட் கேம், தட்டையான டாப்பெட் கேமின் மேல் உராய்ந்து ஓடும் வகை. புதிதாகப் போட்டதும் ஐடிலில் விடாமல், முதல் 20 நிமிடம் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் ஓட்ட வேண்டும். டைமிங், கார்பரேட்டரில் பெட்ரோல், ஆயில் பிரஷர் எல்லாம் முன்பே தயாராக இருந்து ஒரே அடியில் பிடிக்க வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் குறைவு, பழைய எஞ்சினுக்கு என்று சொல்லி விற்கும் ஆயில் வாங்குங்கள். சத்தம் வந்தால் வால்வு கவரைத் திறந்து ராக்கர்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு எழும்புகிறது என்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக எழும்பினால் கேமின் மூக்கு தேய்ந்துவிட்டது. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள், மினுமினுக்கும் இரும்புத் தூள் இருந்தால் கேமோடு டாப்பெட் பதினாறையும் மாற்றி, எஞ்சின் உள்ளே முழுக்கக் கழுவியாக வேண்டும்.

லைட் மங்குகிறது, மீட்டர் முள்கள் ஆடுகின்றன, த்ராட்டில் கேபிள் சுடுகிறது

மூன்றும் சேர்ந்து வந்தால் எர்த். ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் பட்டை எர்த்தை யாரோ பெயின்ட் அடிக்கும்போது கழற்றி மறந்திருப்பார்கள். கரண்ட் திரும்பப் போக வழியில்லாமல் கேபிள் வழியாகப் போகிறது.

ஸ்டீயரிங் ரோட்டில் அலைகிறது

டை ராட், ஸ்டீயரிங் தண்டில் உள்ள ரப்பர் ஜாயின்ட் எல்லாம் சரியாக இருந்தும் அலைந்தால் அலைன்மென்ட் கடையில் 1970 மேனுவல் அளவை வைத்திருப்பார்கள். அது அந்தக் காலத்து டயருக்கான அளவு. இன்றைய ரேடியல் டயருக்கு, பவர் ஸ்டீயரிங் இருந்தால், பாசிட்டிவ் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்பக்கச் சாய்வு) 3, 4 டிகிரி கேளுங்கள், ஷிம் இடம் கொடுக்கும் வரை.

மழை பெய்தால் கால்மிதி ஈரம், டிக்கியில் தண்ணீர்

கதவு ரப்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், தண்ணீர் வருவது வேறு இடம். முன்பக்கம் என்றால் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் கௌல் பகுதி உள்ளே துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். டிக்கி என்றால் பின் கண்ணாடியின் கீழ் மூலைகள். வினைல் கூரை போட்ட வண்டிகளில் வினைலுக்கு அடியில் ஈரம் தங்கி இந்த மூலைகள் முதலில் அரித்துப் போகும். வண்டி வாங்கப் போகும்போதே ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த மூலைகளில் வையுங்கள், ஒட்டவில்லை என்றால் அடியில் இருப்பது தகரம் இல்லை, பட்டி.

ஒருவரை டார்ச்சுடன் டிக்கிக்குப் பக்கத்தில் பின் சீட்டில் உட்கார வைத்து, ஹோஸில் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கீழிருந்து மேலாகப் போங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி எதுவும் தெரியாது. முதல் சொட்டு எங்கே என்று அவர் சொன்னதும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சீலண்ட் பூசி மூடினால் துரு உள்ளேயே வளரும். கண்ணாடியை எடுத்து, சானலைத் தகரம் தெரியும் வரை சுரண்டி, அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகரம் வெல்டு வைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடியை மாட்டுங்கள்.